முழங்கால் உயரக் காடு: பெர்த்திலிருந்து செடுனா வரை

ஆகஸ்ட் 9, சனி. நார்ஸ்மன்

ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து அடிலெய்டுக்கு விமானத்தில் போனால் மூன்று மணி நேரம். சாலை வழி சுமார் 2,700 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், "நடுவில் என்ன இருக்கிறது மாப்பிள்ளை?" என்று கேட்டார். அலுவலக நண்பர்களிடம் விசாரித்தேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ஒன்றுமில்லை, மரமே இல்லாத நல்லார்பர் சமவெளிதான், பாட்டு போட்டுக்கொண்டு வேகமாகக் கடந்துவிடு. இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தைப் பற்றி ஒரு சொல்லில் பதில் வந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. காரிலேயே கிளம்பிவிட்டோம்.

இன்று முழுக்கக் குழாயோடு ஓட்டம். மண்டாரிங் அணையிலிருந்து கல்கூர்லி தங்கச் சுரங்கங்களுக்கு 1903 முதல் தண்ணீர் கொண்டுபோகும் இரும்புக் குழாய் சாலையை விட்டு விலகாமல் கூடவே வருகிறது. சதர்ன் கிராஸ் என்ற ஊர் தாண்டியதும் கோதுமை வயல்கள் நின்று, சால்மன் கம் மரங்கள் தொடங்கின. செம்பு நிறத்தில் வழவழவென்று, வெயில் பட்டதும் எண்ணெய் தேய்த்த உடம்பு போல மினுங்கும் அடிமரங்கள். வருடத்துக்கு 250 மில்லிமீட்டர்தான் மழை; மரங்களோ 20 மீட்டருக்கு மேல் நிற்கின்றன. 'கிரேட் வெஸ்டர்ன் வுட்லண்ட்ஸ்' என்னும் இந்தக் காட்டின் பரப்பு 1,60,000 சதுர கிலோமீட்டர். நாளை பார்க்கப் போகும் நிலத்திலும் மழை இதைவிட மிகக் குறைவொன்றும் இல்லை. அங்கே மட்டும் ஏன் மரம் இல்லை என்ற கேள்வியை மனதில் போட்டுக்கொண்டே ஓட்டினேன்.

நார்ஸ்மனில் சாலைச் சந்திப்பின் நடுவே தகர ஒட்டகங்கள் நிற்கின்றன. தங்க வேட்டைக் காலத்தில் சரக்கு சுமந்த ஒட்டகங்களின் நினைவாக வைத்தவை. அந்த ஒட்டகங்களில் பலவும், அவற்றை நடத்தி வந்தவர்களில் பலரும் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அத்தை காரை விட்டு இறங்கிப் போய் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

இரவு உணவு நாங்கள் கொண்டுவந்த புளிசாதம், வற்றல். தண்ணீர் 40 லிட்டர் பிடித்து வைத்திருக்கிறோம். இதற்கு அப்பால் சாலையோர நிலையங்களில் குடிநீரைத் தாராளமாகக் கேட்க முடியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. மதூரா

பல்லடோனியாவில் பெட்ரோல் லிட்டர் 2 டாலர் 70 சென்ட். பெர்த்தில் போட்டதைவிட ஒரு டாலர் கூடுதல். முணுமுணுக்கத் தோன்றவில்லை, 200 கிலோமீட்டருக்கு ஒரு கடை இருக்கும் ஊரில் ஜெனரேட்டர் ஓட்டி, உப்புநீரை நன்னீராக்கி, இரவெல்லாம் விளக்கு எரியவைக்கிறவர்களுக்கு அந்த விலை கட்டுப்படியாக வேண்டும். உள்ளே ஒரு சிறிய அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 1979 ஜூலையில் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் உடைந்து இந்தப் பக்கத்தில்தான் விழுந்தது. குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது எஸ்பெரன்ஸ் நகராட்சி.

சமையலறையில் ஒரு பஞ்சாப் இளைஞர். எங்கள் டப்பாவைப் பார்த்ததும் தானே வாங்கிப்போய்ச் சூடாக்கிக் கொடுத்து, பச்சை மிளகாய் இரண்டையும் கூட வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அத்தைக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அங்கிருந்து கைகூனா வரை 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவு கூட இல்லாத சாலை. அலுப்பாக இருக்கும் என்று எச்சரித்திருந்தார்கள். எனக்கு அலுக்கவில்லை. எதிரில் வரும் ஒவ்வொரு ஓட்டுநரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொல்கிறார். பத்து வண்டிகளுக்குப் பிறகு நமக்கும் அது கை வந்துவிடுகிறது. ஓரிடத்தில் சாலை அகன்று, விமான ஓடுபாதைக் கோடுகள் போட்டிருந்தார்கள். பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அவசரத்துக்கு இறங்கும் இடம் அது. தார்ச்சாலையே ஆஸ்பத்திரி வாசல் ஆகும் ஊர்.

இன்றைய நாளில் மறக்க முடியாதது கைகூனாவுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் இருக்கும் ஊதுகுழி. சாலையிலிருந்து சில அடி நடந்தால் சுண்ணாம்புக்கல் தரையில் ஒரு துளை. ஒரு ஆள் இறங்கலாம், அவ்வளவுதான் அகலம். குனிந்து கையை நீட்டினேன். காற்று வந்து மோதியது. வெளியே குளிர் ஊசியாய்க் குத்த, குழிக்குள்ளிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது. ஈர மண் வாடை. என் மனைவி கைக்குட்டையை நீட்டிப் பிடித்தாள். அது மேல்நோக்கிப் படபடத்தது. கீழே குகைகள் நெடுந்தூரம் ஓடுகின்றன. மேலே காற்றழுத்தம் குறைந்தால் குகை காற்றை வெளியே தள்ளும், கூடினால் உள்ளே இழுக்கும். மாலையில் மேகம் திரண்டுகொண்டிருந்தது, அழுத்தம் இறங்கும் நேரம். அத்தை நெடுநேரம் அதன் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார்.

என் கேள்விக்கான விடையும் அந்தத் துளைதான். நல்லார்பர் என்பது ஒரே சுண்ணாம்புக்கல் பலகை, உலகிலேயே பரப்பில் மிகப் பெரியது. பழங்காலக் கடலடியில் சிப்பிகளும் பாசிப்பூச்சிக் கூடுகளும் படிந்து இறுகியது, ஏறத்தாழ 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலை விட்டு மேலே வந்தது. அதன்மேல் மண் ஒரு போர்வை அளவுக்குத்தான் இருக்கிறது. பெய்யும் மழை வெடிப்புகளில் இறங்கிவிடுகிறது. ஆறு இல்லை, ஓடை இல்லை. நேற்றைய சால்மன் கம் காட்டில் ஆழமான மண் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டது. இங்கே பிடித்து வைக்க ஆளில்லை. காக்கிள்பிடிக்கு அருகில் ஒரு குகை இருக்கிறது. ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, பெரும்பகுதி நீரில் மூழ்கிக் கிடக்கிறது. மேலே ஒரு குட்டை கூடக் கிடையாது.

கைகூனாவில் கடிகாரத்தை 45 நிமிடம் முன்னால் தள்ளி வைத்தோம். அதிகாரபூர்வமான நேர மண்டலம் அல்ல, ஆனால் இங்கிருந்து மாநில எல்லை வரை இருக்கும் சில ஊர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட நேரம் அது.

அந்தி நேரத்தில் மதூரா கணவாயில் இறங்கினோம். 1870களில் இங்கே குதிரைகள் வளர்த்து இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரவு தங்கிய விடுதியில் முன்பதிவு செய்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு சிறிய அறை. ஹீட்டர் வேலை செய்யவில்லை. விலையில் ஒரு சென்ட் குறைக்கவில்லை. வயதானவர் இருக்கிறார் என்று சொன்ன பிறகும் இன்னொரு கம்பளி கேட்டு வாங்க அரை மணி நேரம் ஆயிற்று. இந்தப் பயணத்தில் நான் பார்த்த ஒரே கசப்பான முகம்.

ஆகஸ்ட் 11, திங்கள். நல்லார்பர் ரோட் ஹவுஸ்

கணவாய்க்குக் கீழே இருப்பது ரோ சமவெளி. இடப்பக்கம் நெடுக ஒரு மலைச்சரிவு தொடர்ந்து வருகிறது. பழைய கடற்பாறை அது. ஒரு காலத்தில் அதன் அடியில் அலை மோதியது; இப்போது கடல் பின்வாங்கிவிட்டது, நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தது பழைய கடற்படுகையில்.

ஓய்விடம் ஒன்றில் தேநீருக்கு நிறுத்தினோம். அத்தை கால் நீட்ட நடந்தவர் ஒரு புதரருகில் குனிந்து நின்றுவிட்டார். முழங்கால் உயரம், வெள்ளி பூசிய சாம்பல் நிறம். ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தார். "இது நம் உமரிக்குச் சொந்தம் மாப்பிள்ளை" என்றார். அவர் உப்பளத்து வரப்பில் உமரிக்கீரை பறித்து வளர்ந்தவர். வேகவைத்து உப்புநீரை வடித்துக் கொட்டி, தேங்காய் போட்டுச் சமைக்கிற கீரை. அவர் சொன்னது தாவரவியல்படி சரி. இங்கே சால்ட்புஷ் என்று அழைக்கும் உப்புப்புதரும், அதன் பக்கத்திலேயே நீலம் பாரித்து நிற்கும் புளூபுஷ்ஷும், நம் உமரியும் ஒரே குடும்பம். நானும் ஓர் இலையைக் கிள்ளி உற்றுப் பார்த்தேன். தோலெல்லாம் மாவு தூவியது போல நுண்ணிய துகள்கள். செடி தான் உறிஞ்சிய உப்பை இலை மேல் உள்ள சிறு பைகளில் ஒதுக்கி வைக்கிறது. அவை காய்ந்து வெளுத்து வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. உப்பே குடையாகிவிடுகிறது. புளூபுஷ்ஷின் இலை வேறு விதம்: அரிசி மணியைவிடச் சற்றே பெரிது, சதைப்பற்று, மேலே மென்மயிர். நசுக்கினால் விரல் ஈரமாகிறது. இத்தனை காய்ந்த நிலத்தில், இத்தனை சிறிய இலைக்குள் அந்த ஒரு சொட்டு.

இந்தப் புதர்களில் சில நூறாண்டுகளுக்கும் மேல் வாழ்பவை. ஆடு மேய்ந்து, முயல் கடித்து, தீ பட்டு அழிந்தால் நம் ஆயுளில் திரும்ப வருவதைப் பார்க்க முடியாது. ஒன்றை விட்டு ஒன்று விலகி நிற்பதும் கணக்குத்தான். கிடைக்கும் ஈரத்துக்கு ஏற்ற இடைவெளி. இடையில் வெற்று மண் போலத் தெரிவதும் வெற்று மண் இல்லை. குனிந்து பார்த்தால் பாசியும் காளானும் கூடி வாழும் கரும்பச்சைப் பொருக்கு தரையை மூடியிருக்கிறது. கார் டயர் ஒருமுறை ஏறினால் அது பல வருடங்களுக்கு ஆறாது. அத்தை அதைக் கேட்ட பிறகு, ஏற்கெனவே தேய்ந்த தடத்தில் மட்டும் கால் வைத்துத் திரும்பி வந்தார்.

மந்த்ரபிலா தாண்டி வரும்போது எதிரே வந்த ரோடு டிரெயினின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்து முன்கண்ணாடியில் அடித்தது. 36 மீட்டர் நீள லாரி. அது கடந்தபோது எழுந்த காற்றில் கார் ஒருமுறை ஆடியது. கண்ணாடியில் ஐம்பது காசு அளவுக்கு நட்சத்திர விரிசல். யூக்ளாவில் நிறுத்தியிருந்த கேரவன்காரர் ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தானாகவே வந்து பார்த்தார். பெட்டியிலிருந்து ஒரு பசைக் குழாயை எடுத்து, ஈரம் துடைத்து, அடைத்து, மேலே டேப் ஒட்டி, "குளிர்சாதனத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மனைவி அத்தைக்கு எலுமிச்சை கேக் இரண்டு துண்டு தந்தார். அத்தை பதிலுக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு கொடுத்தார்.

யூக்ளாவில் 1877இல் திறந்த தந்தி நிலையம் மணலில் புதைந்து கிடக்கிறது. மேற்கு ஆஸ்திரேலிய ஊழியர்களும் தெற்கு ஆஸ்திரேலிய ஊழியர்களும் ஒரே கட்டடத்தில் எதிரெதிரே அமர்ந்து செய்தியைக் கை மாற்றிக்கொண்டிருந்த இடம். 1890களில் முயல் கூட்டம் வந்து மணல்மேட்டுச் செடிகளை வேரோடு தின்றது. பிடிமானம் போன மணல் நகரத் தொடங்கியது. இப்போது கல் சுவர்களும் புகைபோக்கியும் மட்டும் மிச்சம். செடி போனால் ஊர் போகும் என்பதை இதைவிடத் தெளிவாக எங்கும் பார்த்ததில்லை.

மாநில எல்லையில் கடிகாரம் இன்னொரு 45 நிமிடம் முன்னேறியது. பிறகு புந்தா செங்குத்துப் பாறைகள். சாலையிலிருந்து பிரிந்து போனால் நிலம் சட்டென்று முடிகிறது. ஓரம் வரை புதர், அதற்கப்பால் கடல். 60 மீட்டர் முதல் 120 மீட்டர் வரை உயரம், கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் நீளம். அடியில் சுண்ணம் போல வெள்ளை, மேலே பழுப்பு; இரண்டு நாட்களாக எங்கள் டயருக்குக் கீழே இருந்த பாறையின் குறுக்கு வெட்டு அது. எதிரே அண்டார்டிகா வரை வேறு நிலம் இல்லை. காற்று நிற்க விடவில்லை. அத்தையை நாங்கள் இருவரும் கைபிடித்துக்கொண்டோம்.

இரவு உணவு: சிக்கன் ஷ்னிட்ஸல், சிப்ஸ், 34 டாலர். இருவர் சாப்பிடலாம். குளிர் 5 டிகிரி. 2019 டிசம்பரில் இதே இடத்தில் 49.9 டிகிரி பதிவானது.

ஆகஸ்ட் 12, செவ்வாய். செடுனா

இரண்டு நாட்களாக ஒரு குழப்பம் இருந்தது. மரமே இல்லாத சமவெளி என்றார்கள், ஆனால் வழியெல்லாம் மல்லி என்னும் குட்டை யூகலிப்டஸ் மரங்கள் வந்துகொண்டே இருந்தன. நெடுஞ்சாலை சமவெளியின் தெற்கு விளிம்பில்தான் போகிறது. உண்மையில் மரமற்ற நிலத்தை நேற்றிரவு தங்கிய ரோட் ஹவுஸ் பக்கத்தில் சிறிது தூரம் மட்டுமே தொடுகிறது. நடுவே போவது ரயில் பாதை, 478 கிலோமீட்டர் ஒரே நேர்கோடு. அதனால் காலையில் அனுமதி விசாரித்துக்கொண்டு, மண் தடத்தில் வடக்கே பத்து கிலோமீட்டர் போய் முரவிஜினி குகைகளைப் பார்த்தோம்.

அங்கேதான் அந்த நிலத்தை முழுதாகப் பார்த்தேன். சுற்றிலும் அடிவானம் வட்டமாக, ஒரு மேடு பள்ளம் இல்லாமல். தரையெங்கும் நீலச்சாம்பல் புதர். வொம்பாட் என்ற விலங்கு தோண்டிய வளைகளின் வாசலில் சுண்ணாம்புக்கல் குவியல். குகை, கிட்டே போகும் வரை கண்ணில் படவில்லை. தரை இடிந்து விழுந்த குழியாகத் திறந்து கிடந்தது. உள்ளே தகைவிலான் குருவிகள் பறந்தன. இது போன்ற குழிகளில் தவறி விழுந்த விலங்குகளின் எலும்புகள் இந்தச் சமவெளிக் குகைகளில் ஏராளம். 2002இல் மேற்குப் பகுதிக் குகை ஒன்றில், அழிந்துபோன தைலகோலியோ என்ற பைச்சிங்கத்தின் முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். மரமேறும் கங்காருவின் எலும்புகளும் அங்கே கிடைத்தன. இந்த நிலத்தில் ஒரு காலத்தில் மரம் ஏறுகிற விலங்கு இருந்தது. ஏறுவதற்கு மரமும் இருந்தது.

வடகிழக்கே மரலிங்கா. இந்த இடத்தைக் காலி நிலம் என்று எழுதி வைத்ததன் விளைவு அங்கே இருக்கிறது. 1956, 57இல் பிரிட்டன் அங்கே ஏழு அணுகுண்டுகளை வெடித்தது. புளூட்டோனியத்தைத் தூவிய சிறிய சோதனைகள் 1963 வரை நடந்தன. அந்த மண்ணின் மக்கள் அதற்கு முன்பே தெற்கே யலாட்டாவுக்கு நகர்த்தப்பட்டிருந்தார்கள். நிலம் 1984இல்தான் சட்டப்படி அவர்களுக்குத் திரும்பத் தொடங்கியது. ஒரு இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னால், அதை யார் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. இப்போது இந்தச் சமவெளியில் பெரும் காற்றாலைத் திட்டங்கள் பேசப்படுகின்றன. இங்கத்திய பூர்வகுடிகளான மிர்னிங் மக்கள் அதில் பங்காளிகளாக இருக்கிறார்கள் என்பது நல்ல மாற்றம். கீழே குகை இருக்கும் தரையில் எங்கே துளையிடுவது என்பதையும் அதே அக்கறையோடு பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

மதியம் ஹெட் ஆஃப் பைட் என்னும் கடலோர இடம். மரப்பாலத்தில் இறங்கிப் போனால் பாறைக்கு நேர் கீழே சதர்ன் ரைட் திமிங்கலங்கள். தாயும் குட்டியும் அருகருகே மிதந்தன. குட்டியே நம் காரைவிட நீளம். தாய் இந்த மாதங்களில் கிட்டத்தட்ட ஒன்றும் உண்ணாமல் பால் கொடுக்கிறது. மே முதல் அக்டோபர் வரை இங்கே இருந்துவிட்டுத் தெற்குக் கடலுக்குத் திரும்பிவிடும். குட்டி புரண்டு தாயின் முதுகில் ஏறி வழுக்கி விழுந்தது. கூட்டத்தில் ஒருவரும் உரக்கப் பேசவில்லை.

பக்கத்தில் தெரிந்த வெள்ளை மணல்மேடுகளில்தான் 1841இல் இந்தக் கரையோரமாக மேற்கே போன நாடாய்வுப் பயணி எட்வர்ட் ஜான் ஐருக்கு உள்ளூர் மக்கள் தண்ணீர் தோண்டும் இடத்தைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு பாறை விளிம்பு முழுக்க ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. யூக்ளா பக்கத்து மணல்மேட்டை அடைந்த பிறகுதான் நாக்கு நனைந்தது. கூட வந்த பாக்ஸ்டர் வழியில் கொல்லப்பட்டார். கடைசிவரை ஐருடன் நடந்து ஆல்பனியை அடைந்தவர் வைலி என்ற பூர்வகுடி இளைஞர். நாங்கள் வந்த நெடுஞ்சாலைக்கு ஐர் பெயர் இருக்கிறது. வைலி பெயரிலும் ஒரு சாலை இருந்திருக்க வேண்டும்.

பெனோங்கில் காற்றாடிகள் வரிசையாகச் சுழன்று நிலத்தடி நீரை இறைக்கின்றன. அங்கே மரத்தடியில் அடுப்பு மூட்டி, மிச்சமிருந்த தக்காளி, வெங்காயம், எலுமிச்சை அத்தனையும் போட்டு அத்தை சாதம் கிளறினார். செடுனா சோதனைச் சாவடியில் பழம், காய் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பழ ஈ பரவாமல் தடுக்கிற ஏற்பாடு. அதிகாரி கறிவேப்பிலைக் கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். எடுப்பதற்கு முன் முகர்ந்து பார்த்து, எந்தக் குழம்பில் போடுவீர்கள் என்று கேட்டார்.

ஆகஸ்ட் 13, புதன். செடுனா

நாள் முழுக்க ஓய்வு. துறைமுகக் கடையில் ஒரு டஜன் சிப்பி 18 டாலர். நானும் மனைவியும் சாப்பிட்டோம், அத்தை தொடவில்லை. அவருக்குக் கிங் ஜார்ஜ் வைட்டிங் மீன் வறுவல். முதல் துண்டிலேயே கிழங்கான் என்றார். தேடிப் பார்த்தேன். நம் கிழங்கானும் இதுவும் ஒரே மீன் குடும்பம், இது அதில் அளவில் மிகப் பெரியது.

செடுனாவுக்குப் பக்கத்திலிருந்துதான் காய்டர் கோடு தொடங்குகிறது. 1865இல் ஜார்ஜ் காய்டர் என்ற நில அளவைத் தலைவர் குதிரையில் ஏறிப் போய், வறட்சியின் எல்லையை வரைபடத்தில் குறித்தார். அவருக்கு நெடுங்கால மழைக் கணக்கு கையில் இல்லை; செடிகளைப் பார்த்தார். மல்லி மரங்கள் முடிந்து உப்புப்புதர் தொடங்கும் இடமே கோடு. அதற்கு வடக்கே உழாதீர்கள், மேய்ச்சலோடு நிறுத்துங்கள் என்றார். 1870களில் சில வருடம் நல்ல மழை பெய்ததும், ஏர் போன பின்னால் மழை வரும் என்று நம்பி ஜனங்கள் கோட்டைத் தாண்டிக் கோதுமை விதைத்தார்கள். 1880களின் வறட்சியில் கல் வீடுகளை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்கள். இன்று மழை அளவு வரைபடத்தோடு ஒப்பிட்டால், அவர் போட்ட கோடு ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் கோட்டை ஒட்டியே போகிறது. அத்தை நாக்கில் வைத்துக் கண்டுபிடித்ததை அவர் குதிரை மேலிருந்து கண்டுபிடித்திருக்கிறார்.

நாளை கிம்பா வழியாகப் போர்ட் அகஸ்டா. கண்ணாடியை மாற்ற அங்கே ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். 380 டாலர் கேட்கிறார்கள். கேரவன்காரர் ஒட்டிய பசை இதுவரை விடவில்லை.